நான் பெண்ணியவாதி இல்லை, ஆனால்…

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தது. சித்தி சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காபி டம்ளர்களை எடுக்க எழுந்தபோது, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நான் ஒண்ணும் பெண்ணியம் பேசுறவ இல்ல. ஆனா பெத்த பொண்ணுக்கும் ஒரு பங்கு இருக்குல்ல?”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் பெண்ணியம். அந்தச் சொல்லை முதலில் கைகழுவிவிட்டுத்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. இப்படிச் சொல்லும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெண்ணியம் என்றால் ஆண்களைத் திட்டுவது, குடும்பத்தைப் பிரிப்பது, வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று டீக்கடையில் தொடங்கி குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை பேச்சு ஓடுகிறது. அப்படிப் பேசுகிறவர்களில் பலர் தங்கள் மகள்களைக் கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் நிதானமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

உட்கார ஒரு ஸ்டூல்

தீபாவளி நேரத்தில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருப்பீர்கள். சுடிதார் பிரிவில் நிற்கும் பெண்ணைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாற்பது துணியைப் பிரித்துக் காட்டுகிறார், நாம் எதையும் எடுக்காமல் நகர்ந்ததும் நாற்பதையும் மடித்து வைக்கிறார். நடுவில் வலது காலிலிருந்து இடது காலுக்கு எடையை மாற்றிக்கொள்கிறார். காலையில் கடை திறந்ததிலிருந்து இப்படித்தான் நிற்கிறார். ஆள் வராத பகல் நேரத்திலும் உட்காரக்கூடாது.

இதில் யார் யாரை வெறுக்கிறார்கள்? யாரும் இல்லை. ‘வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது’ என்பது எப்போதோ வந்த வழக்கம். அதைப் போட்டவர் அந்த இடத்தில் ஒரு நாளும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் இல்லை. நிற்கிற பெண்ணைக் கேட்டுப் போட்டதும் இல்லை.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண் இதைத்தான் கையில் எடுத்தார். அவரும் தோழிகளும் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி முதலில் கேட்டது கழிப்பறை. கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தார்கள். அடுத்து உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது. இந்தப் பிரிவு பெண்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. சட்டை பேன்ட் பிரிவில் நிற்கும் பையனுக்கும் அதே ஸ்டூல் உண்டு.

ஆணாதிக்கம் என்பது ஆண்கள் இல்லை

கல்லூரி வகுப்பில் எழுதுவதற்குப் பலகை பொருத்திய நாற்காலி இருக்குமே, பலகை பெரும்பாலும் வலது பக்கம்தான். இடக்கைக்காரர் உடம்பைத் திருப்பிக்கொண்டு மூன்று மணி நேரம் தேர்வு எழுதுவார். செய்தவருக்கு இடக்கைக்காரர்மேல் பகை இல்லை. ‘மாணவர்’ என்றதும் அவர் மனதில் வலக்கைக்காரர்தான் வந்தார். மற்றவர் வளைந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆணாதிக்கம் என்ற சொல்லுக்கு அர்த்தம் ஏறக்குறைய இதுதான். ஆணை அளவுகோலாக வைத்து, முடிவெடுக்கும் இடத்திலும் ஆணையே வைத்து ஓடும் வழக்கங்கள், சட்டங்கள், எதிர்பார்ப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர். அதை ஒரு மாமியார் மருமகளிடம் கறாராக நடத்திக் காட்டலாம். ஒரு அப்பா மகளுக்காக அதை மீறலாம். ஆனால் நாற்காலி உவமை ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. இடக்கைக்காரர் கஷ்டப்படுவதால் வலக்கைக்காரருக்கு லாபம் எதுவும் இல்லை. இங்கே லாபம் உண்டு: தங்கைக்குப் போகாத நிலம் அண்ணனிடம் நிற்கிறது. அதனால்தான் எடுத்துச் சொன்னாலும் மாறுவதில்லை, இயக்கம் தேவைப்படுகிறது.

இந்த வழக்கங்கள் இயற்கை போட்டவை அல்ல, மனிதர்கள் போட்டவை, ஆகவே மாற்றலாம் என்று சொல்லி மாற்ற முனைவதுதான் பெண்ணியம்.

பெயர் இல்லாத துன்பம்

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கார்மிட்டா வுட் என்ற பெண், மேலதிகாரி தொட்டுத் தொட்டுக் கொடுத்த தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். வேலையை விட்ட காரணம் என்ன என்று கேட்டார்கள். நடந்ததைச் சொல்ல ஒரு சொல் அவரிடம் இல்லை, விண்ணப்பத்தைப் பார்த்தவர்களிடமும் இல்லை. ‘சொந்தக் காரணங்கள்’ என்று எடுத்துக்கொண்டு உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள். 1975-ல் அந்த ஊரில் சில பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோது, ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நடந்ததாக நினைத்திருந்தது எல்லோருக்கும் நடந்திருந்தது தெரிந்தது. அதற்குப் பாலியல் துன்புறுத்தல் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்த பிறகுதான் எண்ண முடியும், புகார் எழுத முடியும், சட்டத்தில் சேர்க்க முடியும். இந்தியாவில் அந்தப் பாதையைத் திறந்தது ராஜஸ்தானின் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அந்தக் கிராமப் பணியாளர் 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997-ல் ‘விசாகா’ நெறிமுறைகளை வகுத்தது. 2013-ல் அது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 1998-ல் வந்த சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: முதலில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம். டீசிங் என்றால் கிண்டல். பின்னால் பெயரை மாற்றி, பெண்ணைத் துன்புறுத்துதலைத் தடுக்கும் சட்டம் ஆக்கினார்கள். கிண்டலா, துன்புறுத்தலா என்பதில்தான் காவல் நிலையத்தில் எழுதும் வழக்கே அடங்கியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ‘என் தலையெழுத்து’ என்று ஒருத்தி தனியாகச் சுமந்தது, பேசிப் பார்க்கும்போது பலருடையது என்று தெரிகிறது. அதற்குப் பெயர் வருகிறது. பெயர் கோரிக்கையாகிறது, கோரிக்கை சட்டமாகிறது. சட்டம் வீட்டுப் பழக்கமாக மாறுவதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கிறது. பெண்ணிய வரலாறு முழுக்க இந்தச் சுற்று வெவ்வேறு விஷயங்களுக்காகத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

முதல் அலை, இரண்டாம் அலை

பெண்ணியம் பற்றிப் படித்தால் ‘அலை’ என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். 1968-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரை அப்போது எழுந்த போராட்டங்களை ‘இரண்டாவது அலை’ என்று அழைத்தது. அதற்குப் பிறகுதான் பழையது ‘முதல் அலை’ ஆனது.

முதல் அலையின் மையம் ஓட்டுரிமை. 1848-ல் நியூயார்க் மாகாணத்தின் செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் கூடியவர்கள் பெண்களின் உரிமைகளைப் பட்டியலிட்டு ஒரு அறிக்கை எழுதினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க அரசியல் சட்டம் பெண்களின் ஓட்டுரிமையை ஏற்றது 1920-ல். கையெழுத்திட்ட பெண்களில் அதைப் பார்க்க உயிரோடு இருந்தவர் சார்லட் உட்வர்ட் ஒருவர்தான். 1848-ல் அவர் கையுறை தைத்துக்கொண்டிருந்த இளம்பெண்.

நாடு முழுவதும் பெண்களுக்கு முதலில் ஓட்டளித்தது நியூசிலாந்து, 1893-ல். கேட் ஷெப்பர்டும் தோழிகளும் வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்துத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டினார்கள். நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்த உறுப்பினர் அவையின் நடுவே உள்ள நடைபாதையில் அதை உருட்டிவிட்டார். கிட்டத்தட்ட 270 மீட்டர் நீளம். பிரிட்டனில் 1918-ல் கொடுத்தபோதும் முப்பது வயதும் சொத்துத் தகுதியும் கேட்டார்கள், ஆணுக்குச் சமமாக 1928-ல்தான் கிடைத்தது.

இரண்டாம் அலை ஓட்டுச்சாவடியை விட்டு அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் வந்தது: சம வேலைக்குச் சம ஊதியம், குழந்தை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு, வீட்டுக்குள் நடக்கும் அடி. தொண்ணூறுகளில் மூன்றாம் அலை, இணையம் வந்த பிறகு நான்காவது என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். எண்ணுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இது அமெரிக்கா, ஐரோப்பாவின் கடிகாரம். இரண்டு அலைகளுக்கு நடுவே கடல் வற்றிப்போய்விடுவதும் இல்லை.

வெளிநாட்டுச் சரக்கா?

செனகா ஃபால்ஸ் கூட்டம் நடந்த அதே 1848-ல் புனேவில் சாவித்ரிபாய் புலேவும் கணவர் ஜோதிராவும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சாவித்ரிபாய்மேல் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அவர் பையில் இன்னொரு சேலை வைத்துக்கொண்டு போனார், பள்ளியில் மாற்றிக்கொண்டு பாடம் நடத்த. இவர்கள் அமெரிக்காவைப் பார்த்துச் செய்யவில்லை. தங்கள் தெருவைப் பார்த்துச் செய்தார்கள்.

சென்னை அடையாறில் 1917-ல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்ற வெளிநாட்டில் பிறந்தவர்கள் முன்னின்றார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. 1921-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம், சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டுரிமையை ஏற்றது. 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி அந்த மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக அவர் மன்றத்துக்குள் வாதாடினார். அந்த வழக்கத்தை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் மேடைகளில் பேசினார். சட்டம் 1947-ல் வந்தது.

இலங்கையில் 1931-லேயே இருபத்தொரு வயதான ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு. சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள்.

சுதந்திர இந்தியா தன் பெண்கள் அனைவருக்கும் முதல் தேர்தலிலேயே ஓட்டு கொடுத்தது. ஆனால் பட்டியல் தயாரிக்க வந்தவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய மகள்’ என்றே பதிய வைத்தார்கள். பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சட்டம் உரிமையைக் கையில் கொடுத்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஒரு பெயரைச் சொல்ல வழக்கம் விடவில்லை.

ஆறு ஏக்கர் கணக்கு

இப்போது சித்தி கேட்ட கேள்விக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டும்: பூர்வீகச் சொத்து. தாத்தா வழியாக வந்து, பங்கு பிரிக்காமல் இருக்கும் குடும்பச் சொத்து. பழைய இந்துச் சட்டப்படி, இதில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. மகளுக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை.

ஒரு வீட்டில் அப்பா, ஒரு மகன், ஒரு மகள். அம்மா முன்பே காலமாகிவிட்டார். பூர்வீக நிலம் ஆறு ஏக்கர். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் அப்பாவின் வாரிசாக ஏற்றது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கணக்கு இப்படி ஓடியது: ஆறில் மூன்று மகனுக்குப் பிறப்பால் வந்தது, மீதி மூன்று அப்பாவுடையது. அப்பா உயில் எழுதாமல் இறந்ததும் அவருடைய மூன்று மட்டும் இருவருக்கும் பாதிப் பாதி. மகனுக்கு நாலரை, மகளுக்கு ஒன்றரை.

மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று ஆக்கிவிட்டால் அப்பா, மகன், மகள் மூவருக்கும் முதலில் தலா இரண்டு. அப்பாவின் இரண்டு பிற்பாடு ஒன்று ஒன்றாகப் பிரியும். மூன்று, மூன்று. வாய்க்கால் வரப்பைக் கூட நகர்த்தாமல் ஒரு வரித் திருத்தம் ஒன்றரை ஏக்கரை நகர்த்துகிறது.

இந்த ஒரு வரிக்குப் பிடித்த காலத்தைப் பாருங்கள். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்துச் சட்டத்தைத் திருத்தும் மசோதா முடங்கியதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 1951-ல் அம்பேத்கர் மத்திய அமைச்சர் பதவியை விட்டார். ஆந்திரம் 1986-ல் மகள்களுக்குப் பிறப்புரிமைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 1989-ல், செங்கல்பட்டுக்குச் சரியாக அறுபது ஆண்டு கழித்து. அதிலும், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே திருமணமான மகள்களுக்குக் கிடையாது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம், திருமணம் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மகள் மகள்தான் என்றது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை, தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் இது தனிக் கதை: திருவிதாங்கூர்ச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் வழக்குப் போட்டு 1986-ல் அதை மாற்றினார்.

சரி, சட்டம் முடிந்தது. பிறகு என்ன நடக்கிறது? எங்கள் பக்கத்தில் அதற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று ஒன்று இருக்கிறது. ‘என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று சகோதரிகள் எழுதித் தருவது. “சும்மா ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போ” என்று அத்தையைக் கூப்பிட்டார்கள். நான் கூடப் போனேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைச் சேலைத் தலைப்பின் உள்பக்கத்தில் துடைத்தார். வெளியே வந்ததும் ஒரு பட்டுச் சேலையும் ஒரு கவரும் கொடுத்தார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு மூடிவிடும் என்று அவருக்குத் தெரியும். பொங்கல் சீர், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் மடி, நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வந்து நிற்க ஒரு வாசல், இத்தனையும் அந்தக் கையெழுத்தோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் மனதார விட்டுக்கொடுத்தார் என்று இன்றும் வீட்டில் சொல்கிறார்கள். கேட்க வழியே இல்லாத ஒருவர் கொடுத்ததை மனதாரக் கொடுத்ததாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுருக்கமாக: உரிமை தாளில் வந்துவிட்டது. அதைக் கேட்கிற மகளை ‘பேராசைக்காரி’ என்று சொல்லாத வீடு இன்னும் வரவில்லை. இயக்கம் இன்று வேலை செய்யும் இடம் இந்த இடைவெளிதான்.

எந்தப் பெண்?

‘பெண்கள்’ என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டு வந்தேன். பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்ணும், சொத்து வைத்திருந்து ஓட்டுப் பெற்ற பெண்ணும் ஒரே நிலையில் இருந்தார்களா? இல்லை. இந்தக் கேள்விதான் பெண்ணியத்துக்குள்ளேயே நடந்த மிக முக்கியமான சண்டை.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தில் நடந்த ஆள்குறைப்பில் கறுப்பினப் பெண்கள் வேலை இழந்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்குவது விதி. 1964-க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களைச் சேர்த்ததே இல்லை. வழக்குப் போட்டார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறதே என்றது நீதிமன்றம். அவர்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவருக்கும் வேலை கொடுத்திருக்கிறதே என்றது. அவர்கள் தொழிற்சாலையில் இருந்த ஆண்கள். இரண்டு கட்டத்திலும் டிக் விழுந்தது, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றவர்கள் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான் ஒரு பெயர் வைத்தார். தமிழில் குறுக்குவெட்டுப் பார்வை என்கிறோம்: ஒருவர்மேல் விழும் ஒடுக்குமுறைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், சந்திக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பது.

நம் ஊருக்கு இது புதிய செய்தி இல்லை. வயலில் களை எடுக்கும் தலித் பெண்ணுக்கு நிலக்காரரின் சாதி ஒரு பக்கம், வீட்டு ஆணின் அதிகாரம் இன்னொரு பக்கம். ஆறு ஏக்கர் கணக்கே அவருக்குப் பொருந்தாது, பிரிக்க நிலம் இருந்தால்தானே? தங்கள் குரலைத் தாங்களே எடுத்துச் செல்ல 1995-ல் தலித் பெண்கள் தேசியக் கூட்டமைப்பு உருவானது. பெண்ணியம் என்ற பெயரில் பேசுகிறவர் யாருடைய கஷ்டத்தைப் பொதுவான கஷ்டமாக வைக்கிறார் என்று பார்க்க இவர்களிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்குள் போன கணக்கு

‘எல்லாம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?’ என்ற கேள்வி அடிக்கடி வரும். 2019-ல் இந்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளை எதில் செலவழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிடம். ‘அம்மா வீட்டில் சும்மாதான் இருக்காங்க’ என்று பள்ளிப் படிவத்தில் நாம் எழுதிய அந்தச் சும்மாவின் அளவு கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

அது நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நாடு பார்த்தது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் வேலைக்கும் போகவில்லை, வீட்டிலும் சமைக்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவும் இல்லை. ‘பெண்களின் ஓய்வு நாள்’ என்று பெயர். பல பள்ளிகளும் கடைகளும் மூடிக் கிடந்தன. அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். சீக்கிரம் சமைக்கக்கூடியது என்பதால் திறந்திருந்த கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனது. அடுத்த ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. ஐந்தாம் ஆண்டு, 1980-ல், மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவராக விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் அங்கே பதவியேற்றார்.

48 ஆண்டு கழித்து, 2023-ல், அதே அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் மறுபடி ஒரு முழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள இடைவெளியும் பெண்கள் மீதான வன்முறையும் இன்னும் தீரவில்லை என்றார்கள். அப்போது நாட்டின் பிரதமர் கத்ரீன் யாகோப்ஸ்டோட்டிர், ஒரு பெண். அன்றைக்கு அவரும் வேலைக்குப் போகவில்லை.